செக்கியூரிட்டி அண்ணையின் அரைக்கிலோத் துவக்கு

சுவிற்சர்லாந்தில், ஒரு கைத்துவக்கை உடம்பில் எங்கெங்கே ஒளிக்கலாம், எங்கெங்கே ஒளிக்க முடியாது என்று முழுதாகப் படித்துத் தேறிய ஒரே தமிழர் எங்கள் செக்கியூரிட்டி அண்ணைதான். ஒளிப்பதற்கு அவரிடம் துவக்கு இருக்கவில்லை என்பது ஒரு சின்னக் குறை. மற்றப்படி அந்தத் துறையில் அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது.

செக்கியூரிட்டி அவருடைய உத்தியோகம் அல்ல. ஷ்லீரனில் எங்கள் ப்ளாக்கின் நாலாம் மாடியில் எனக்கு எதிர்க்கதவு அவருடையது. வேலை, சலாட் வெட்டிப் பைகளில் அடைக்கிற தொழிற்சாலையில். கத்தி சுழலுகிற மெஷினுக்குப் பக்கத்தில் இருபத்தெட்டு வருஷம் நின்றும் பத்து விரலும் பத்தாகவே இருக்கின்றன என்று யாரைக் கண்டாலும் விரித்துக் காட்டுவார். பல்ப் மாற்ற ஏணியில் ஏறினால் சைக்கிள் ஹெல்மெட் போட்டுக்கொள்வார். கோயில் திருவிழாவுக்கு மஞ்சள் மேலங்கி மாட்டி, விசில் ஊதி, கார்களை மறிப்பார். அங்கேதான் அந்தப் பெயர் ஒட்டியது. பிறகு அவருடைய சொந்தப் பெயரை, அர்ச்சனைக்கு அவருடைய மனைவி வசந்தி அக்காவும், கடிதத்துக்குக் குடிவரவுக் கந்தோரும் மட்டும்தான் பாவித்தார்கள்.

அவருடைய ஜெர்மன் முழுக்க எச்சரிக்கைப் பலகைகளில் படித்தது. கவனம், வழுக்கும், சாயாதே, கதவை மூடு. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு நாட்டில் கௌரவமாக வாழலாம் என்று நிரூபித்தவர். இதற்குமேல் ஏதாவது கதைக்க வேண்டி வந்தால் என் கதவைத் தட்டுவார். நான் ஒன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்து இங்கேயே படித்தவள். ஒரு மருந்துக்கடையில் வேலை. நாலாம் மாடிக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர், மருத்துவர், சட்டத்தரணி.

எல்லாம் ஒரு கெல்லர் உடைப்பில் ஆரம்பித்தது. இந்த நாட்டு ப்ளாக்குகளில் நிலத்துக்குக் கீழே ஒவ்வொரு வீட்டுக்கும் மரச்சட்டம் அடித்த ஒரு சாமான் அறை இருக்கும். அதுதான் கெல்லர். ஒரு நாள் யாரோ வந்து எல்லாப் பூட்டுகளையும் உடைத்துவிட்டார்கள். கீழ்வீட்டு இத்தாலியரின் வைன் போத்தல்கள் போயின. ஐந்தாம் மாடிக்காரரின் பனிச்சறுக்குக் கட்டைகள் போயின. என்னுடைய பழைய சைக்கிள்கூடப் போனது. செக்கியூரிட்டி அண்ணையின் அறையில் மட்டும் ஒன்றும் போகவில்லை. கருவாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். திறந்த வேகத்திலேயே மூடி, அவசரத்தில் தங்களுடைய கையுறை ஒன்றையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எங்களுக்கெல்லாம் கவலை, அவருக்கு அவமானம்.

"என்ரையிலை மட்டும் ஏன் தங்கச்சி கை வைக்கேல்லை?"

"கருவாடு மணந்திருக்கும் அண்ணை."

"அது இல்லை. வந்து பாத்திட்டுப் போயிருக்கிறாங்கள். பிளான் போடுறாங்கள். அடுத்தமுறை மேலை வருவாங்கள். ஒரு சாமான் வாங்கோணும்."

"என்ன சாமான்?"

அவர் நடைபாதையின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு ஆட்காட்டி விரலை நீட்டி, பெருவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"சின்னன். ஒருத்தருக்கும் தெரியாமல் இடுப்பிலை வைக்கிறது."

நான் சிரித்தேன். கதவடியில் நின்று கேட்ட வசந்தி அக்கா சிரிக்கவில்லை. அன்று பின்னேரம் அவர் பரணில் இருந்த நீலச் சூட்கேஸை இறக்கித் துடைத்து, உடுப்பு அடுக்கி, வாசலில் சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தார்.

"இஞ்சேருங்கோ, வடிவாக் கேளுங்கோ. உந்தச் சாமான் இந்த வாசல்ப்படி ஏறினா, நான் இறங்கிப் போடுவன். ஊஸ்டரிலை மகள் வீட்டிலை எனக்கொரு அறை இருக்கு."

"இஞ்சரப்பா, நான் உன்ரை பாதுகாப்புக்குத்தானே…"

"என்ரை பாதுகாப்புக்கு மகள் வீடு காணும்."

வசந்தி அக்கா சும்மா சொல்லுகிறவர் அல்ல. ஒருமுறை மிக்சியைத் திருத்தித் தருகிறேன் என்று அண்ணை இழுத்தடித்ததற்கு நாலு மாசம் அம்மியில்லாத வீட்டில் சம்பலே செய்யாமல் இருந்தவர். ஆகவே அந்தச் சூட்கேஸ் வெறும் மிரட்டல் அல்ல. முப்பது வருஷக் குடும்பம் ஒரு கருவாட்டுப் பெட்டியால் உடைவதைப் பார்க்க நான் தயாராக இல்லை. அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிள்ளை, அவர் எங்கை போனாலும் உன்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார். நீ போ. ஆனா அந்தச் சாமான் அவரின்ரை கைக்கு வரக்கூடாது. விளங்குதோ?"

"விளங்குது அக்கா."

இப்படியாக நான் ஒரே நேரத்தில் அண்ணையின் மொழிபெயர்ப்பாளராகவும் அக்காவின் உளவாளியாகவும் நியமிக்கப்பட்டேன். இரண்டு உத்தியோகத்துக்கும் சம்பளம் தேத்தண்ணியும் பருத்தித்துறை வடையும்.

முதற் தடையைச் சட்டமே போட்டது. இந்த நாட்டுச் சட்டத்தில் சில நாடுகளின் பெயர்களை எழுதி, அந்த நாட்டுக் குடிமக்கள் ஆயுதம் வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. இதை நான் வாசித்துச் சொன்னபோது அண்ணைக்கு வந்த கோபம் சொல்லி முடியாது.

"என்ன கதை இது! நான் துவக்கைக் கண்டு ஓடி வந்தவன் எண்டுதானே எனக்கு விசா தந்தவை. இப்ப என்னைத் துவக்குக்காரன் எண்டினம்!"

"அப்ப விடுவம் அண்ணை."

"விடுறதோ? நான் சுவிஸ்காரன் ஆகிறன்."

இருபது வருஷமாக மகள் கெஞ்சியும், நண்பர்கள் சொல்லியும், "என்ரை பாஸ்போட்டுக்கு என்ன குறை" என்று மறுத்துக்கொண்டிருந்த மனிதர் அடுத்த கிழமையே விண்ணப்பம் போட்டார். ஊரில் எல்லோரும் அவருக்கு நாட்டுப்பற்று வந்துவிட்டது என்று நினைத்தார்கள். நேர்முகத்தில், இந்த நாட்டில் உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். மலை, ஏரி, சொக்கிளேற் என்று எல்லோரும் சொல்வதை இவர் சொல்லவில்லை.

"எல்லாப் படிக்கட்டிலையும் கைப்பிடி இருக்குது."

கேட்டவர்கள் மூன்று பேரும் நெகிழ்ந்துபோனார்களாம். இவ்வளவு ஒன்றிப்போன ஒருவரை அவர்கள் அதற்கு முன் கண்டிருக்கவே மாட்டார்கள்.

அந்த விண்ணப்பம் நடந்து முடிய இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. சூட்கேஸ் வாசலிலேயே நின்றது. குளிருக்கு ஏற்ற மாதிரி அக்கா அதற்குள் உடுப்புகளை மட்டும் மாற்றி வைப்பார். அண்ணை சும்மா இருக்கவில்லை. மகளின் பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில், எந்தக் கைத்துவக்கு எத்தனை சென்ரிமீற்றர் நீளம், எத்தனை அகலம், எவ்வளவு பாரம் என்று கோடு போட்டு எழுதிக்கொண்டே வந்தார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அந்த மனிதர் இத்தனை பேரை விசாரிக்கவில்லை.

"அண்ணை, முடிவா உங்களுக்கு எப்பிடியானது வேணும்?"

"சின்னனா இருக்கோணும். பாரம் இருக்கக்கூடாது. கூர் ஒண்டும் இருக்கக்கூடாது, சேட்டைக் கிழிக்கும். தானா வெடிக்கக்கூடாது. நான் அமத்தினாலும் கொஞ்சம் யோசிச்சுத்தான் வெடிக்கோணும்."

யோசித்து வெடிக்கிற துவக்கு எந்தக் கொம்பனியிலும் இல்லை என்று நான் சொல்லவில்லை. உளவாளிக்கும் ஒரு தர்மம் இருக்கிறது.

கொப்பியில் கடைசியாக மிஞ்சியவை எல்லாம் அரைக்கிலோ அளவில் வந்து நின்றன. அரைக்கிலோவை உடம்பில் சுமந்து பார்க்காமல் வாங்கக்கூடாது என்பது அவருடைய கட்சி. பழைய காற்சட்டைத் துணியில் ஒரு பை தைத்தார். அக்காவின் தராசில் அரைக்கிலோ மைசூர்ப் பருப்பை நிறுத்து அதற்குள் கொட்டி, வாயைத் தைத்தார். கைத்துவக்கின் வடிவம் என்றார். எனக்கு அது கழுத்து மடங்கிய தாரா வாத்து மாதிரித்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அந்தப் பருப்புத் துவக்குடன் அவர் பயிற்சி எடுக்கத் தொடங்கினார்.

முதலில் கக்கத்துக்குக் கீழே. அந்தக் கையைத் தூக்க முடியாமல் ஒரு கிழமை முழுக்க யாருக்கும் கும்பிடு போடாமல் திரிந்தார். ஊரில் மூன்று குடும்பம் இன்றைக்கும் கோபம். பிறகு கணுக்கால். தொழிற்சாலையில் இழுத்து இழுத்து நடப்பதைப் பார்த்த மேற்பார்வையாளர் அவரை டொக்டரிடம் அனுப்பிவிட்டார். டொக்டர் காற்சட்டையைத் தூக்கிப் பார்த்து, பருப்பை அமுக்கிப் பார்த்து, இது உங்கள் நாட்டு வைத்தியமா என்று கேட்டு, ஓம் என்றதும் மரியாதையாக இரண்டு நாள் லீவு கொடுத்தார். அடுத்து முதுகுப் பக்கம், இடுப்புப் பட்டிக்குள். நிற்கும்போது நன்றாகத்தான் இருந்தது. சாமத்தியவீடு ஒன்றில் பிளாஸ்ரிக் கதிரையில் சாய்ந்தபோது "அம்மா" என்று எழும்பினவர், பந்தி முடியும்வரை நின்றே சாப்பிட்டார்.

உண்மையான சிக்கல் வேறு. எங்கள் ஆட்கள் வாழ்கிற வாழ்க்கையில் ஒரு துவக்கை ஒளிக்க இடமே இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், கணுக்கால் போச்சு. உள்ளே ஹீற்றர் சூட்டில் ஜாக்கெற்றைக் கழற்ற வேண்டும், கக்கமும் போச்சு. கழற்றாமல் இருந்தால், "என்ன அண்ணை, உடனை போற பிளானோ?" என்று வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். கட்டிப்பிடித்து முதுகில் தட்டுகிற மச்சான்மாருக்குப் பயந்து முதுகும் போச்சு. இவை எல்லாவற்றுக்கும் மேலே கோயில். ஆம்பிளைகள் சேட்டைக் கழற்றிவிட்டு, வேட்டியோடு, வெறும் மேலோடு உள்ளே போகவேண்டும். சுவிஸ்காரர் யாருக்கும் இந்தச் சோதனை கிடையாது.

"கோயிலிலை சமாளிச்சிட்டன் எண்டால் உலகத்திலை எங்கையும் சமாளிப்பன்," என்றார் அண்ணை.

ஒரு வெள்ளிக்கிழமை. கார் திருத்துகிற கராஜுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் கோயில். அண்ணை வேட்டிக்கு மேலே பெல்ற் கட்டி, பெல்ற்றுக்குள் பருப்புத் துவக்கைச் செருகி, மேலே சால்வையைச் சுற்றியிருந்தார். சும்மா சொல்லக்கூடாது, வெளியில் ஒன்றும் தெரியவில்லை. வயிறு கொஞ்சம் வைத்த மாதிரி இருந்தது, அது எல்லோருக்கும் இருப்பதுதான். எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டுக் கொடிமரத்தடியில் விழுந்து கும்பிட்டார். அட்டாங்க நமஸ்காரம். எட்டு உறுப்பும் நிலத்தில் பட்டன. ஒன்பதாவதாகப் பருப்பும் பட்டது. எழும்பினபோது தையல் விட்டிருந்தது, அவருக்குத் தெரியவில்லை.

உள்வீதியை மூன்று தரம் சுற்றினார். மூன்று தரமும் அவருக்குப் பின்னால் செக்கச்செவேலென்று பருப்பு ஒரு கோடாக விழுந்துகொண்டே போனது. கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அவ்வளவு பக்தியாக நடந்தார். பின்னால் வந்த சனம் பருப்பை மிதிக்காமல் விலகி விலகி நடந்தது. ஒரு அம்மா குனிந்து நாலைந்து மணியைப் பொறுக்கித் தாலிக்கொடியில் ஒற்றிக்கொண்டார். அவருடைய மகனுக்கு ஜிம்னாசியம் என்கிற மேற்பள்ளிக்கூடத்துக்கு நுழைவுச் சோதனை வரவிருந்தது.

"ஐயா, உது என்ன நேர்த்தி?" என்று அவர் குருக்களிடம் கேட்டார்.

தெரியாது என்று சொல்லுகிற குருக்களை நான் இந்த நாட்டில் இன்னும் சந்திக்கவில்லை. எங்கள் ஐயா பருப்புக் கோட்டைப் பார்த்தார்; அதன் நுனியில் கண்மூடி நடந்துகொண்டிருந்த அண்ணையைப் பார்த்தார்.

"செவ்வாய் தோசத்துக்குச் செய்யிறவை. நல்லது. தடங்கல் விலகும்."

அடுத்த வெள்ளி ஐந்து அம்மாமார் பருப்புப் பையோடு வந்தார்கள். அதற்கடுத்த வெள்ளி பதினொரு பேர். தவில்காரர் வழுக்கி விழுந்து முழங்கையைப் பெயர்த்த பிறகுதான் நிர்வாகசபை கூடி, பருப்புச் சிந்துவதைத் தடைசெய்தது. பாதுகாப்புப் பொறுப்பாளர் என்ற முறையில் அறிவித்தலை எழுதியவர் செக்கியூரிட்டி அண்ணை. தமிழிலும் ஜெர்மனிலும் எழுதினார். கவனம், வழுக்கும். அதில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

வீட்டில் அக்கா கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"என்ரை அரைக்கிலோப் பருப்பு எங்கை?"

சிவப்பு பாஸ்போட் வந்தது. மற்றவர்கள் அது கைக்கு வந்ததும் லண்டனுக்கு ரிக்கெற் போடுவார்கள், கனடாவுக்குப் போடுவார்கள். அண்ணை என்னுடைய கதவைத் தட்டினார். துவக்கை வெளியில் மறைத்துக்கொண்டு திரிவதற்கு இங்கே தனி அனுமதி வேண்டும். உண்மையான ஆபத்து இருக்கிறது, துவக்கு இல்லாமல் அதைத் தடுக்க முடியாது என்று காட்டவேண்டும், சோதனையும் எழுதவேண்டும். லேசில் கொடுக்கமாட்டார்கள். அண்ணை சொல்லச் சொல்ல நான் கடிதம் எழுதினேன். ஆபத்துகள் என்ற தலைப்பில் அவர் மூன்று சொன்னார். ஒன்று, கெல்லர்க் கள்ளன். இரண்டு, ஐந்தாம் மாடி நாய். மூன்று, தொழிற்சாலைக்குப் போகிற வழியில் தன்னை ஒரு மாதிரிப் பார்க்கிற நரி.

"நரியை விடுவமே அண்ணை?"

"அதுதான் மெயின்."

பொலிசிலிருந்து மிகவும் அன்பான பதில் வந்தது. தங்கள் கவலையைப் புரிந்துகொள்கிறோம், அனுமதி தர இயலாது, கெல்லரில் ஆள் வந்தால் தானாக எரிகிற விளக்குப் பூட்டிப் பாருங்கள், இனிய நாளாக அமையட்டும். எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அண்ணை அசையவில்லை.

"வெளியிலைதானே கூடாது? வாங்கி வீட்டுக்கை வைக்கலாம். வீட்டுக்குள்ளை மறைச்சுக்கொண்டு திரிஞ்சா ஆர் கேக்கிறது?"

"வீட்டிலை ஆருக்கு மறைக்கப் போறியள் அண்ணை, அக்காவுக்கோ?"

"பழகத்தானே வேணும்!"

வாங்குவதற்கான அனுமதி வேறு கடிதாசி. குற்றப் பதிவு ஒன்றும் இல்லாத சுவிஸ்காரருக்கு அது கிடைக்கும். அண்ணையின் பெயரில் ஒரு பார்க்கிங் தண்டம்கூடக் கிடையாது. சில கிழமையில் வந்தேவிட்டது. அன்று அக்கா சூட்கேஸின் சில்லுக்கு எண்ணெய் விட்டார். சத்தமில்லாமல் உருண்ட அந்தச் சில்லு எனக்குச் சரியாகப் படவில்லை.

"பிள்ளை, நாளைக்கு நீயும் போறாய்தானே?" என்றார்.

"ஓம் அக்கா. ஆனா அவர் கடிதாசியும் வைச்சிருக்கிறார். நான் என்னெண்டு மறிக்கிறது?"

"நீ பக்கத்திலை நில். அது காணும்."

கடை, வின்ரர்தூர் தாண்டி ஒரு சின்ன ஊரில். ரயிலில் போகும்போது பட்டாளத்துப் பொடியன்கள் ஆறேழு பேர் துவக்குகளைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு எங்களுக்கு எதிரில் வந்து இருந்தார்கள். இந்த நாட்டில் அது சாதாரண விஷயம். அண்ணை உடனே எழும்பி அடுத்த பெட்டிக்கு நடந்தார். "சத்தமாக் கதைப்பாங்கள்" என்றார். அவர்கள் ஒருவருமே கதைக்கவில்லை. எல்லோரும் ரெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைக்காரர் எழுபது வயதிருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அண்ணை கொப்பியைத் திறந்தார். நான் மொழிபெயர்க்கத் தொடங்கினேன்.

"இது எந்த ஊர்ச் சாமான் எண்டு கேள் தங்கச்சி."

சொன்னேன். கடைக்காரர் பதில் சொன்னார்.

"குடும்பத்திலை ஏதும் பிழை இருக்கோ? எண்டால், இந்தக் கொம்பனியிலை முந்தி ஏதும் தானா வெடிச்சதோ?"

கடைக்காரர் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"சேட்டைக் கழட்டிப்போட்டு வேட்டியோடை நிண்டால் எங்கை வைக்கிறது?"

இதற்குக் கடைக்காரர் கண்ணாடியை மாட்டி, அண்ணையைப் பார்த்து, என்னைப் பார்த்து, "ஐம்பது வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி" என்றார். அண்ணைக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியில் அவர், "உங்களுக்கு ஏற்றது இதுதான்" என்று உள்ளேயிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார். உண்மையிலேயே சின்னது. உள்ளங்கைக்குள் அடங்கும். குண்டு இல்லை என்பதைத் திறந்து காட்டுவதற்காக அதைக் கையில் எடுத்து, சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார். எங்களைப் பார்த்துக்கூடப் பிடிக்கவில்லை.

அண்ணையின் இரண்டு கைகளும் மேலே போயின.

மெதுவாக, தோளைத் தாண்டி, விரல்கள் விரிந்தபடி போயின. கொப்பி நிலத்தில் விழுந்தது. முகத்தில், வேட்டிக் கேள்வி கேட்டபோது வந்த சிரிப்பு அப்படியே இருந்தது. பகிடி விடுகிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். அவர் கையை இறக்கவில்லை.

"அண்ணை," என்றேன். "கை."

அவர் தன்னுடைய கைகளை நிமிர்ந்து பார்த்தார். யாரோ அந்நியர் அங்கே தூக்கி வைத்துவிட்டுப் போன கைகள் மாதிரிப் பார்த்தார். இறக்க முயன்றார் என்று எனக்குத் தெரிந்தது. கை வரவில்லை.

கடைக்காரர் அந்தத் துவக்கைத் துணியால் மூடி, மேசையின் இழுப்பு லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு மூன்று கோப்பி போட்டுக்கொண்டு வந்து, ஒரு கோப்பையை அண்ணைக்கு முன்னால் வைத்து, மழை வரும்போல இருக்கிறது என்று கதைத்தார். கோப்பியை எடுப்பதற்குத்தான் அண்ணையின் வலக்கை இறங்கியது. பிறகு இடக்கை. குடித்து முடித்ததும் கடைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்து, "மன்னிக்க வேண்டும், இன்றைக்குக் கடை பூட்டுகிற நேரம்" என்றார். அப்போது பகல் இரண்டரை மணி.

ரயிலில் நெடுநேரம் அண்ணை யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு அவர்தான் தொடங்கினார்.

"ஊரிலை ரியூட்டரிக்குப் படிக்கப் போகேக்கை ரெண்டு ஆமிச் சென்றி தங்கச்சி, துவக்கை நீட்டிக்கொண்டு நிப்பாங்கள். வரேக்கையும் அதே ரெண்டு. ஒரு நாளைக்கு நாலுதரம் கையைத் தூக்கோணும். மூண்டு வருசம்."

நான் கடை நிலத்திலிருந்து எடுத்து வந்த கொப்பியை அவருடைய பக்கத்தில் வைத்தேன்.

"நான் சுவிஸ் பாஸ்போட் எடுத்திட்டன். கை இன்னும் எடுக்கேல்லை." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதை அவளுக்குச் சொல்லிப்போடாதை. பயந்தாங்கொள்ளியைக் கட்டியிருக்கிறன் எண்டு நினைப்பாள்."

"சத்தியமாச் சொல்லன் அண்ணை."

ஷ்லீரனில் இறங்கினதும் பழைய செக்கியூரிட்டி திரும்பி வந்துவிட்டார். "ரெண்டரைக்குக் கடை பூட்டுறாங்கள். உவங்களை நம்பி என்னெண்டு துவக்கு வாங்கிறது?" என்று லிப்ட் வரைக்கும் ஏசிக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் போய், அக்கா கேட்காமலேயே, ஒன்றும் பொருந்தவில்லை என்று அறிவித்துவிட்டுக் குளிக்கப் போனார். அக்கா குசினியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன நடந்தது?"

"ஒண்டும் சரிவரேல்லை அக்கா. எல்லாம் பெரிசு."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்.

"கையைத் தூக்கினவரே?"

நான் பார்வையை வடைச்சட்டிக்குத் திருப்பினேன்.

"கலியாணம் கட்டி இஞ்சை வந்த முதல் வருசம், பிள்ளை. மாசி மாதம் உவையின்ரை வேசம் போடுற திருவிழா. நாங்கள் ஷொப்பிங் பையோடை வாறம். ஒரு சின்னப் பொடியன், நாலு வயசிருக்கும், தொப்பியும் போட்டு விளையாட்டுத் துவக்கை நீட்டினான். இவர் நடுத்தெருவிலை ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிண்டார். பை விழுந்து முட்டை எல்லாம் உடைஞ்சு போச்சு. பொடியன்ரை தாய் தகப்பன் கை தட்டிச்சினம், இவர் விளையாடுறார் எண்டு. இவரும் சிரிச்சார். கை மட்டும் இறங்கேல்லை. நான்தான் பிடிச்சு இறக்கினனான்."

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அக்கா குரலை இன்னும் தாழ்த்தினார்.

"வீட்டை வரேக்கை, அது தான் விட்ட பகிடி எண்டு சொன்னார். நானும் ஓம் எண்டன். இண்டைவரைக்கும் ஓம்தான்."

"அப்ப அவராலை வாங்கேலாது எண்டு உங்களுக்குத் தெரியும். பிறகேன் அக்கா சூட்கேஸ்?"

"விசரி. இவர் துவக்கு வாங்கப் போறன் எண்டு ஷ்லீரன் முழுக்கச் சொல்லிப்போட்டார். வாங்காமல் வந்தால் சனம் ஏன் எண்டு கேக்கும். பயத்திலை விட்டிட்டார் எண்டு கதைக்கப்படாது. மனிசிக்குப் பயத்திலை விட்டிட்டார் எண்டு கதைக்கட்டும். அதிலை ஒரு வெக்கமும் இல்லை, எல்லா ஆம்பிளையளும் அப்பிடித்தானே." கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டியில் வடையைத் திருப்பிப் போட்டார். "எனக்குத் தெரியும் எண்டு அவருக்குச் சொல்லிப்போடாதை."

"சத்தியமாச் சொல்லன் அக்கா."

அன்றிலிருந்து கலியாணவீடு, சாமத்தியவீடு எங்கே போனாலும் யாராவது கேட்பார்கள், "என்ன செக்கியூரிட்டி அண்ணை, துவக்கு வாங்கியாச்சோ?" அண்ணை பெருமூச்சு விட்டு, அக்கா இருக்கிற பக்கம் கையைக் காட்டுவார். "வாங்கியிருப்பன். மனிசி விடேல்லை." அக்காவும் அங்கிருந்தே முறைப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சாட்சிக்கு நின்று சிரிப்பேன்.

ஆறு வருஷம் இரண்டு சத்தியத்தையும் சுமந்தேன். இப்போது மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்து, அண்ணையும் அக்காவும் ஊஸ்டருக்கே போய்விட்டார்கள். எதிர்க்கதவில் வேறு பெயர். புதிதாக வந்தவர்கள் நல்ல மனிதர்கள்தான். ஏணியில் ஹெல்மெட் இல்லாமல் ஏறுகிறார்கள், நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இந்தப் பத்திரிகை ஊஸ்டருக்கும் போகிறது என்று எனக்குத் தெரியும். அண்ணை சோபாவில் இருந்து சத்தமாக வாசிப்பார், அக்கா பக்கத்தில் இருந்து கேட்பார் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

அண்ணை, அக்காவுக்கு முதல் வருஷத்திலிருந்தே தெரியும். அக்கா, உங்களுக்குத் தெரியும் என்று அண்ணைக்கு இந்த நிமிஷத்திலிருந்து தெரியும். சத்தியத்தை முறித்ததற்கு என்னை ஏசுவதென்றால் ரெலிபோனில் ஏசவேண்டாம். இரண்டு பேருமாக ரயில் ஏறி வந்து ஏசுங்கள். நீங்கள் இல்லாத நாலாம் மாடி எனக்குப் பிடிக்கவில்லை.